பல மரம் கண்ட தச்சர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், "ஒருவருக்கு எத்தனை பொழுதுபோக்குகள் இருக்கலாம்?" என்று கேட்டிருந்த வாசகருக்கு, "கை கொள்ளும் அளவுக்கு இருக்கலாம், கணக்கு வைக்கத் தேவையில்லை" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களைப் படித்தபோது அந்த இரண்டு வரி போதவில்லை என்பது புரிந்தது. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் இந்த ஒரு பொருளுக்கே.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 42. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடந்த 15 ஆண்டுகளில் அஞ்சல்தலை சேகரித்தேன், பென்சில் ஓவியம் பழகினேன், கித்தார் வாங்கி ஆறு மாதம் வாசித்தேன், சதுரங்கத்தில் ஓராண்டு மூழ்கிக் கிடந்தேன். இப்போது பைனாகுலரும் கையுமாக இரவில் மாடியில் நிற்கிறேன். எதையும் அடியோடு விடவில்லை. எதிலும் தேர்ச்சி பெறவும் இல்லை. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று என் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுகிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: உங்கள் அண்ணன் சொல்லும் பழமொழி எனக்கும் பழக்கமானதுதான், என்னைப் பார்த்தே பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தச்சன் செய்த தவறு எது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பல மரங்களைக் கண்டது அவன் தவறன்று. இதைவிட நல்ல மரம் இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கும் என்று நடந்துகொண்டே இருந்தவன், கோடரியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை, அதுதான் தவறு. நீங்கள் இறக்கியிருக்கிறீர்கள். ஆறு மாதம் கித்தார் வாசித்தவரின் விரல் நுனிகள் முதல் சில வாரங்கள் கம்பி பட்டு எரிந்து, பிறகு காய்த்துப் போயிருக்கும். வேடிக்கை பார்த்தவர் விரலில் அந்தக் காய்ப்பு ஏறாது.

தவிரவும், அது தொழிலுக்குச் சொன்ன பழமொழி. தச்சனுக்கு மரம் வெட்டினால்தான் பிழைப்பு. பிழைப்புக்கு வைத்த அளவுகோலைப் பொழுதுபோக்கின்மேல் வைத்தால் எதுவுமே தேறாது. 1993ஆம் ஆண்டில் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து, அவர்களுள் மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு மேல் தனிப்பயிற்சி செய்திருந்ததாகக் கண்டார்கள். அந்த எண் பிற்பாடு எல்லாத் துறைகளுக்கும் உரிய மந்திரம்போல் பரவிவிட்டது. அது வெறும் சராசரி, அந்த எண்ணில் மாயம் எதுவும் இல்லை என்று எரிக்சனே விளக்க வேண்டியதாயிற்று. நாள்தோறும் 40 நிமிடம் ஒதுக்குகிற ஒருவர் அந்த எண்ணை எட்டுவதற்கு 41 ஆண்டுகள் ஆகும். மேடையேறப் போகிறவர் அந்தக் கணக்கைப் போடட்டும். தம் அறையில் உட்கார்ந்து தமக்காக ஒரு பாட்டை வாசிக்கிறவருக்கு அது எதற்கு?

ஒன்றில் பழகிய கண்ணும் கையும் மற்றொன்றுக்குப் போகும்போது வெறுமனே போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வில்லியம் ஹெர்ஷலுக்கு இசைதான் பிழைப்பு. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார், இசையமைத்தார். மிஞ்சிய நேரத்தில் உலோக ஆடியைத் தாமே தேய்த்து மெருகேற்றித் தொலைநோக்கிகள் செய்துகொண்டார். 1781 மார்ச் 13 அன்று அவற்றுள் ஒன்றின் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யுரேனஸ் கண்ணில் பட்டது. முதலில் அவர் அதை வால்மீன் என்றே நினைத்தார். இதைச் சொன்னவுடன், மாடியில் நிற்கிற எல்லோரும் கோள் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று பொருளாகிவிடக் கூடாது என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அலெக்சாந்தர் போரதின் வேதியியல் பேராசிரியர். இசையமைப்பது அவருக்கு ஓய்வுநாள் வேலை. 1869இல் தொடங்கிய இசை நாடகத்தை 1887இல் இறக்கும்வரை அவர் முடிக்கவில்லை. நண்பர்கள்தான் முடித்து வைத்தார்கள். அதற்காக அவரை ஏசுகிறவர் எவரும் இன்று இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் நான் உங்கள் அண்ணன் பக்கம். எதைத் தொட்டாலும் அதில் சின்னதாக ஒன்றையாவது முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. கித்தாரில் முதலிலிருந்து கடைசிவரை தடங்கல் இல்லாமல் ஒரு பாட்டு, அஞ்சல்தலையில் ஒழுங்காக அடுக்கிய ஒரு பக்கம், அவ்வளவு போதும். கைவிட்ட பொருளாக அலமாரியில் கிடப்பதற்கும், நிறுத்தி வைத்த பொருளாக இருப்பதற்கும் அந்த ஒன்றுதான் வித்தியாசம்.

உங்களிடம் பைனாகுலரும் பென்சிலும் இருப்பதால் ஒரு யோசனை. வளர்பிறையில் ஏழாம் எட்டாம் நாள் வாக்கில், அரைநிலா தெரியும்போது, ஒளியும் இருளும் சந்திக்கிற கோட்டை மட்டும் பாருங்கள். அங்கே சூரிய ஒளி சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் கருகருவென்று நீண்டு கிடக்கும். முழுநிலவில் அதே இடம் கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல் சப்பென்று இருக்கும். முழங்கைகளை மாடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். நிலவைப் 10 மடங்கு பெரிதாகக் காட்டுகிற கருவி கை நடுக்கத்தையும் 10 மடங்காகக் காட்டும். ஒரே ஒரு பள்ளத்தைத் தேர்ந்துகொண்டு, 2பி பென்சிலால் முதலில் நிழலை மட்டும் நிரப்புங்கள். விளிம்பைக் கோடாக இழுக்க வேண்டாம். நிழல் முடிகிற இடத்தில் அது தானே எழுந்து நிற்கும். மறுநாள் அதே பள்ளத்தைத் தேடிப் பாருங்கள். நிழல் சுருங்கியிருக்கும், அதையும் வரையுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணனிடம் காட்டலாம். ஓவியம் படிக்காதவருக்கு அந்த நிழலைப் பிடிக்க வராது. வானம் பார்க்காதவருக்கு அது சுருங்கும் என்பதே தெரியாது.

கேள்வி: "அகல உழுவதைவிட ஆழ உழு" என்பதுதான் இதற்கெல்லாம் பதில் என்பது என் கருத்து.

பதில்: நல்ல கருத்து. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப இட்டால் மண் சலித்துப்போகும், மாற்றிப் போடு என்பதும் உழவர் வாக்குத்தான்.

கேள்வி: எனக்குப் புதிய ஆர்வம் பிறக்கும் போதெல்லாம் அதற்கான கருவிகளை ஒரே மூச்சில் வாங்கிவிடுகிறேன். அலமாரி நிறைந்துவிட்டது; செய்து முடித்தவை என்று பார்த்தால் மிகக் குறைவு. என்ன செய்யலாம்?

பதில்: என் வீட்டில் ஓவியப் பலகையை நிறுத்தி வைக்கும் மூன்றுகால் மரத்தாங்கி ஒன்று இருக்கிறது. தேக்கு நிறம், பித்தளைத் திருகுகள், பார்க்க அழகு. இத்தனை ஆண்டுகளில் அதன்மேல் ஈரத்துண்டைத் தவிர வேறெதுவும் காய்ந்ததில்லை. ஆகவே உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இருக்கிறது.

கருவி வாங்கும் நேரத்தில் நாம் ஏற்கெனவே ஓவியராகவோ இசைஞராகவோ ஆகிவிட்டதுபோல் ஒரு நிறைவு வந்துவிடுகிறது; அந்த நிறைவு செய்ய வேண்டிய வேலையின் பசியைத் தின்றுவிடுகிறது. நான் இப்போது பின்பற்றுவது, கையிலிருக்கும் எளிய கருவி எந்த இடத்தில் நம்மைத் தடுக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல முடிகிறவரை அடுத்ததை வாங்காமல் இருப்பது. எடுத்துக்காட்டாக, நீர்வண்ணம் பழகுகிறவர் சாதாரணத் தாளில் நாலைந்து படம் போட்டதும், ஈரம் பட்ட இடம் அலை அலையாக எழும்பி, வண்ணம் பள்ளத்தில் தேங்குவதைப் பார்ப்பார். அப்போதுதான் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கனமான தாள் எதற்காக என்று அவருக்கு விளங்கும். அந்தத் தாளை வாங்குவது வீண் அன்று. அதே காசில் 48 வண்ணப் பெட்டி வாங்குவது, பெரும்பாலும் வீண். ஏழெட்டு வண்ணங்களைக் கலக்கத் தெரிந்தால் மற்றவை கிடைத்துவிடும்.

வானம் பார்ப்பதிலும் இதுவே. ஆட்டம் காணும் கால்களோடு வருகிற சின்னத் தொலைநோக்கியைவிட 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாகக் காட்டுவது, முன்வில்லையின் அகலம் 50 மில்லிமீட்டர்) தொடக்கக்காரருக்கு மேல். வியாழனின் பக்கத்தில் அதன் நான்கு பெரிய நிலவுகளைப் புள்ளிகளாக அதிலேயே பார்த்துவிடலாம். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டு குறித்து வைத்தவை அவைதான்.

கேள்வி: வேலையும் வீடும் போக எனக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம்தான் கிடைக்கிறது. கீபோர்டு, அஞ்சல்தலை, சதுரங்கம், வானம் பார்ப்பது என்று நான்கும் பிடிக்கும். தலைக்குப் 10 நிமிடமாகப் பிரித்துப் பார்த்தேன், எரிச்சல்தான் மிச்சம்.

பதில்: எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நீங்கள் நான்கு பிள்ளைகளுக்கு ஒரே அளவில் சட்டை தைத்திருக்கிறீர்கள். இடைவெளி விட்டால் கோபித்துக்கொள்கிற பொழுதுபோக்குகள் உண்டு, எத்தனை மாதம் ஆனாலும் காத்திருப்பவை உண்டு, நம் வசதியைக் கேட்காமல் தாமே நேரம் குறிப்பவையும் உண்டு. இசைக்கருவி முதல் வகை. அஞ்சல்தலை இரண்டாம் வகை. வானம் மூன்றாம் வகை.

கீபோர்டுக்கு வாரத்தில் ஐந்து நாள் 15 நிமிடம் கொடுங்கள். ஓய்வுநாளில் ஒரேயடியாக 75 நிமிடம் உட்காருவதைவிட அது பலன் தரும். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்துப் பார்த்து, 1885இல் முடிவுகளை வெளியிட்ட ஹெர்மன் எபிங்ஹவுஸ் தொடங்கி, நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் கண்டது இதைத்தான்: ஒரே அளவு உழைப்பை இடைவெளி விட்டுப் பரப்பினால் அதிகம் தங்குகிறது. இசைப் பயிற்சி முடிந்த நாளில் மிச்சமுள்ள நேரத்துக்கு ஒரு சதுரங்கப் புதிர் சரியாக இருக்கும். முழு ஆட்டம்தான் வேண்டும் என்றால், நாளுக்கு ஒரு காய் நகர்த்தும் அஞ்சல்வழி ஆட்டம் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. இப்போது அது கைப்பேசிக்கு வந்துவிட்டது.

அஞ்சல்தலையை ஓய்வுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். அதில் எனக்குப் பிடித்ததே காத்திருப்புத்தான். உறையிலிருந்து தலை ஒட்டியிருக்கும் துண்டைச் சுற்றிலும் விரலகலம் விட்டு வெட்டி, முகம் மேலே தெரியும்படி சாதாரணத் தண்ணீரில் மிதக்கவிட்டால், 15, 20 நிமிடத்தில் பசை இளகித் தலை தானாக நழுவி வரும். வரவில்லை என்றால் இழுக்காமல் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இழுத்தவர் கையில் பாதித் தலைதான் மிஞ்சும். வந்ததை முனை மழுங்கிய இடுக்கியால் எடுத்து, மையுறிஞ்சும் தாளில் முகம் கீழாகப் பரப்பி, ஈரம் சுண்டியதும் தடித்த புத்தகத்துக்கு அடியில் வைத்தால் மறுநாள் தகடுபோல் நேராகியிருக்கும். அந்த 20 நிமிடம் ஊறுகிற நேரத்தில் கீபோர்டு வாசிக்கலாம் என்பது கஞ்சத்தனமான யோசனைதான். நான் அப்படிச் செய்வதுண்டு. நனைக்காமலே உரித்து ஒட்டும் வகையில் புதிதாக வரும் சில தலைகள் தண்ணீருக்கு அசையமாட்டா. அவற்றைத் தாளோடு வெட்டி வைத்துக்கொள்வதே நல்லது.

வானத்துக்கு மட்டும் 40 நிமிடம் ஒத்துவராது. வெளிச்சத்திலிருந்து வெளியே வந்த கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இடையில் கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. மாதத்தில் இரண்டு இரவுகளை, நிலவொளி இல்லாத நாட்களாகப் பார்த்து, முழுதாக ஒதுக்கிவிடுங்கள். மற்ற நாட்களில் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம்: கீபோர்டைப் பெட்டியில் போட்டு மூடி வைக்காதீர்கள். வெளியே எடுக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். களைத்த மனம் அதை இருபதாகக் கணக்குப் பண்ணும்.

கேள்வி: நான் செய்யும் பூத்தையலைப் பார்க்கிற தோழிகள் எல்லோரும், "இதை விற்கலாமே, சும்மா ஏன் செய்கிறாய்?" என்கிறார்கள். விற்கலாமா?

பதில்: பணத் தேவை இருந்தால் தாராளமாக விற்கலாம், அதில் இழிவு எதுவும் இல்லை. தேவை இல்லாமல், தோழிகளின் பாராட்டுக்கு மறுமொழியாக மட்டும் விற்கப் போகிறீர்கள் என்றால் சற்று யோசியுங்கள். 1973இல் மார்க் லெப்பர் முதலிய மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள மழலைப்பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் உள்ள சான்றிதழ் தருவதாக ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் பின்னர் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதி நேரமே பேனாக்களைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

குழந்தைகளை வைத்துப் பெரியவர்களை அப்படியே எடைபோட முடியாதுதான். ஆனால் தேதி குறித்து, நிறம் சொல்லி, இருபது உருப்படி கேட்கப்பட்ட பிறகு ஊசி பிடிக்கும் கை வேறு கையாகிவிடுவதை நான் நெருங்கிய உறவில் பார்த்திருக்கிறேன். ஒருவேளை விற்பது என்று முடிவு செய்தால், யாருக்கும் தராத ஒரு துணியைத் தனியே வைத்துக்கொண்டு அதில் உங்கள் இஷ்டத்துக்குத் தைத்து வாருங்கள்.

கேள்வி: என் 10 வயது மகன் நீச்சல், கீபோர்டு, சதுரங்கம் என்று ஒவ்வொன்றிலும் நாலு மாதம் இருந்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறான். கண்டிக்க வேண்டுமா?

பதில்: இந்த வயதில் அவன் கேட்பது நியாயம்தான். விளையாட்டு வீரர்களின் வளர்ச்சியை ஆராய்ந்த ழான் கோத்தே, ஏறத்தாழ 6 முதல் 12 வயது வரையிலான காலத்தைப் பலவற்றையும் செய்து பார்க்கும் பருவம் என்றே வகுத்திருக்கிறார். ஒன்றைத் தேர்ந்து அதில் ஊன்றுவது அதற்குப் பிறகு. நீச்சலை மட்டும் பாதியில் விடவேண்டாம். அது பொழுதுபோக்கு என்பதைவிடப் பாதுகாப்பு. மற்றவற்றில், தொடங்கும்போதே "இத்தனை வகுப்பு வரை" என்று அவனோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கெடு முடிந்தபின் அவன் விலகினால் அது முடிவெடுத்து விலகுவது. நடுவில் சலித்து ஓடுவது வேறு. அவன் நாலு மாதம் என்பதை நீங்கள் எண்ணி வைத்திருப்பதைப் பார்த்தால், கட்டிய கட்டணமும் மனத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதை அவனிடம் சொல்லிக் காட்டாதீர்கள்.

கேள்வி: 67 வயதாகிறது. குரோஷா பின்னல்தான் என் உலகம். விரல் மூட்டு வலியால் இப்போது கொக்கி பிடிக்க முடியவில்லை. இந்த வயதில் வேறு எதைத் தொடங்குவது?

பதில்: அம்மா, முதலில் மருத்துவரிடம் விரல்களைக் காட்டுங்கள், தடித்த கைப்பிடியுள்ள கொக்கிகள் கிடைக்கின்றன, பிடி பெரிதானால் வலி குறைய வாய்ப்புண்டு. அதன் பிறகும் முடியவில்லை என்றால், அமெரிக்காவில் 'பாட்டி மோசஸ்' என்று அறியப்பட்ட அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸின் கதை உங்களுக்காகவே நடந்ததுபோல் இருக்கிறது. பண்ணை வீட்டில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். துணியில் கம்பளி நூலால் காட்சிகளைத் தைத்து வந்தார். மூட்டுவாதத்தால் ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, 70 வயதைக் கடந்த நிலையில், தூரிகையை எடுத்தார். 1961இல் தம் 101ஆம் வயதில் மறையும்வரை வரைந்தார். நூலில் நிறம் சேர்க்கத் தெரிந்த உங்கள் கண் அப்படியே இருக்கிறது; அதற்கு மூட்டு வலி இல்லை.

கேள்வி: கைப்பேசியில் காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது பொழுதுபோக்கில் சேருமா?

பதில்: பொழுது போகிறது என்பதால் சொல்லளவில் சேரும். வேலைக்குப் பிறகான ஓய்வைப் பற்றி 2007இல் எழுதிய சபீன் சொன்னென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற இருவரும், களைப்பு நீங்க உதவும் அனுபவங்களை நான்காகப் பிரித்தார்கள்: வேலை நினைவிலிருந்து விலகுதல், உடலும் மனமும் தளர்தல், புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுதல், நேரம் நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு. நீங்கள் சொல்வதில் முதல் இரண்டும் கொஞ்சம் இருக்கலாம். கடைசி இரண்டும் இருக்கின்றனவா என்பதை, "பத்து நிமிடம்" என்று எடுத்த கைப்பேசியைக் கீழே வைக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம்.

கேள்வி: மூன்று ஆண்டுகள் கற்ற ஒன்றை, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீணடித்துவிட்டேனோ என்ற உறுத்தல் போகமாட்டேன் என்கிறது.

பதில்: நானும் மூன்று ஆண்டுகள் வயலின் கற்றேன். வில்லை நேராக இழுக்கவும், சுருதி சேர்க்கவும் வந்தது. அதற்குமேல் போக எனக்கு ஆசையே எழவில்லை என்பதை ஒருநாள் ஒப்புக்கொண்டேன். பிறகும் ஓராண்டு அது பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடந்தது. கூட்டும்போதெல்லாம் அதை நகர்த்தி வைப்பேன், நகர்த்தும்போதெல்லாம் உங்களைப்போலவே உறுத்தும். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது மாலை வேளைகளில் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து அது கேட்கிறது. அவள் வாசிக்கையில் சுருதி சற்றே கீழே இறங்குகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வரும்போது, நான் என்ன வேலையில் இருந்தாலும், என் இடதுகை மோதிர விரல் தானாக ஒரு நூலளவு முன்னே நகர்கிறது.